வைக்க இடம் பார்த்தவர்

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு நாள் வாயார ஏசிவிட்டு மறந்திருப்பேன். நல்லவராகப் போய்விட்டார். நல்லவரை ஏசினால் நமக்குத்தான் தொண்டை காய்கிறது.

அவர் தேத்தண்ணி குடிப்பதைச் சொன்னால் பாதி ஆளைச் சொன்ன மாதிரி. கோப்பையைக் கையில் கொடுப்பேன். ஒரு வாய் குடிப்பார். பிறகு அதை வைக்க இடம் பார்ப்பார். மேசையில் கடதாசி இருக்கிறது, கறை படும். ஜன்னல் கட்டை கொஞ்சம் சரிவு. கதிரைக் கை ஒடுக்கம். தரையில் வைத்தால் யாராவது தட்டிவிடுவார்கள். அந்த யாராவது நான்தான், வேறு ஆள் வீட்டில் இல்லை. பார்த்துப் பார்த்து நிற்பதற்குள் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிடும். கடைசியில் நானே போய் கையிலிருந்து பிடுங்கி எங்கேயாவது வைப்பேன். "அட, அங்க வைச்சிருக்கலாம் என்ன?" என்பார், ஏதோ நான் கதிர்காமத்துக்கு வழி கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி.

பதுளையில் அரசாங்கம் கொடுத்த குவாட்டர்ஸ் வீடு அது, நான் அங்கே சமையலுக்கு இருந்தவள். ஆள் யாழ்ப்பாணம். மனைவி அங்கே டீச்சர், பிள்ளைகளும் அங்கேதான். இங்கே தனிக்கட்டை. அவர் வந்து ஒரு வருடம் ஆகியும் புத்தகமெல்லாம் பெட்டியோடு தரையில் கிடந்தது, நல்ல அலுமாரி இன்னும் கிடைக்கவில்லையாம். சட்டைகள் கயிற்றில் தொங்கின. கல்யாணப் படத்தைச் சுவரில் மாட்டவில்லை, ஆணி எந்த இடத்தில் அடிப்பது என்று முடிவாகவில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் தரையில் சாய்ந்து நின்று, நான் கூட்டுகிறபோதெல்லாம் என் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு லீவுக்கு அந்த அம்மா வந்தார். படத்தைப் பார்த்தார், புருசனைப் பார்த்தார், நேரே குசினிக்குள் என்னிடம் வந்தார்.

"என்னைக் கட்டுறதுக்கே இவருக்கு நாலு வருசம் எடுத்தது, ஆச்சி. வேற ஆரையும் பாத்ததில்லை. என்னையேதான் திருப்பித் திருப்பிப் பாத்தவர். கடைசியில என்ர அப்பா போய் நாள் வைச்சார்."

"நீங்க எப்படிம்மா நாலு வருசம் இருந்தீங்க?"

"நல்ல மனிசன் ஆச்சி," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கும் கோபமாகத்தான் இருந்தது. பாத்திரத்தை அழுத்தித் தேய்த்ததில் தெரிந்தது.

இப்படி ஒரு ஆளுக்கு அரசாங்கம் என்ன வேலை கொடுத்தது என்று கேளுங்கள். மலை சரியும் என்று எச்சரித்த இடங்களில் இருக்கிற சனங்களை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இடம் பார்த்து எழுதிக் கொடுக்கிற வேலை.

அப்படிக் கிடந்த சனத்தில் நானும் ஒருத்தி. பசறைப் பக்கம் எங்கள் தோட்டம். ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் லயம், முதுகுக்குப் பின்னால் மலை. மீரியபெத்தைத் தோட்டம் மலை சரிந்து மண்ணுக்குள் போனதிலிருந்து மழை இருட்டினால் நாங்கள் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, மலையைத்தான் பார்ப்போம். ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. பெரியவர்கள் ஜீப்பில் வந்து பார்த்தார்கள். சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார்கள். மழை பெய்தால் இங்கே இருக்கக் கூடாது, வேறு இடம் தருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். கோடு நன்றாகத்தான் போட்டிருந்தார்கள், இன்றைக்கும் அழியவில்லை.

அதற்குப் பிறகு தூறல் விழுந்தால் மூட்டை கட்டுவோம். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா ஒன்று தோட்டத்தில் இருக்கிறது. நாற்பது பேரும் அதற்குள் போய்க் குந்துவோம். மழை விட்டால் திரும்பி வருவோம். என் மகளுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னது ஒரு நாள், நமக்கு வீடு எது அம்மா என்று கேட்டது. மகள் மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

அங்கேதான் இவர் முதலில் வந்தார். குடையும் கட்டம் போட்ட கொப்பியும். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். கந்தோரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வாசலில் சப்பாத்துக் கழற்றி அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் உட்காருகிற குட்டி வாங்கில், முழங்கால் காதைத் தொட, உட்கார்ந்துகொண்டு சொன்னார். மூன்று இடம் இருக்கிறதாம். முதலாவது ரோட்டோரம், ஆனால் தண்ணீர் இல்லை. இரண்டாவது மேலே கல்மலைக்குக் கீழே உள்ள சமதரை, மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீர் உண்டு, காற்றுத்தான் கூட. மூன்றாவதில் எல்லாம் இருக்கிறது, ஆனால் கொழுந்து எடுக்கிற தேயிலை நிற்கிறது, தோட்டக் கம்பனி விட்டுக்கொடுக்க வேண்டும்.

"உங்களுக்கு எது விருப்பம்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

எங்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும். அவர் வருவதற்கு முன்னமே பேசி முடித்திருந்தோம். பின்னால் பாறை, எந்தக் காலத்திலும் சரியாது. ஆனால் ஒரு வாய் அதைச் சொல்லவில்லை. இன்னது வேண்டும் என்று பேர் சொல்லிக் கேட்டால் அதை விட்டு மற்றதைக் கொடுப்பார்கள் என்பது துரைமார் காலத்திலிருந்து எங்கள் லயத்தில் தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். எங்கள் தோட்டத்துத் தலைவர் முதலில் ஆரம்பித்தார், ஐயா எங்கே வைத்தாலும் இருந்துகொள்வோம் என்று. பக்கத்துக் காம்பரா ராமாயி அதையே சொன்னாள். அப்படியே சுற்றி வந்தது. நான் கொஞ்சம் பேச்சுக்காரி இல்லையா, எழுந்து நின்றேன்.

"ஐயா படிச்சவங்க. நீங்க எங்க வச்சாலும் அது சாமி வச்ச எடம்தாங்க எங்களுக்கு."

அந்த வாயை இப்போது நினைத்தால் பல்லில் போடத் தோன்றுகிறது. மிச்சம் இருப்பதே மூன்று பல். அவர் அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் போனது. ஒரு தகவலும் இல்லை. நான் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் அவர் வீட்டுக் கேட்டில் நின்றேன். உரித்த தேங்காய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே உடைப்பது என்று முற்றத்தில் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கி, வாசல்படியில் ஒரே போடாகப் போட்டேன். இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு, சமைக்க ஒரு ஆள் தெரியுமா என்று கேட்டார்.

நானே சமைப்பேன் என்றேன், காலை பஸ்ஸில் வந்து சமைத்துவிட்டு இருட்ட முன் திரும்புவதாக.

மகளுக்குப் பிடிக்கவில்லை. இந்த வயதில் என்ன வேலை என்றாள். வேலைக்காகப் போகவில்லை, ஃபைலுக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

அந்த வீட்டில் இடம் பிடித்து இருந்தது ஒரே ஒரு சாமான்தான். மீன்தொட்டி. இல்லை, மீன் என்று சொல்லக் கூடாது, மீன் இரண்டுதான், மற்றதெல்லாம் பவளம், கடலுக்கடியில் உயிரோடு வளர்கிற பவளம். கடல் இல்லாத பதுளையில் கடல்தண்ணீர்! பெட்டியில் வருகிற உப்பைக் கரைத்து, அளந்து அளந்து ஊற்றுவார். மேலே நீல விளக்கு. உள்ளே பூ மாதிரி, காளான் மாதிரி, விரல் மாதிரி என்னென்னவோ ஆடிக்கொண்டிருக்கும். இதைத் தின்பதா என்று முதல் நாள் கேட்டேன். ஐந்து நிமிடம் சிரித்தார். தொட்டியைக் கூட அவர் வைக்கவில்லை. சாமான் இறக்கிய லொறிக்காரர்கள் பாரம் தாங்காமல் பட்டென்று வைத்த இடம் அது. தண்ணீர் நிரப்பிய பிறகு நகர்த்த முடியாதே.

கொழும்பில் இவருக்கு ஒரு கூட்டாளி, இதே பைத்தியம். அவர் தன் வீட்டுத் தொட்டியில் வளர்ந்ததில் வெட்டிய பவளத் துண்டுகளை ஒரு நாள் கொண்டுவந்து கொடுத்தார். கடலில் பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்று இவர் எனக்கு விளக்கம் சொன்னார். நான் என்னவோ நாளைக்கே கடலுக்குள் இறங்கப் போகிற மாதிரி. பதினாறு துண்டு. ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு, வெள்ளைக் கட்டை ஒன்றில் ஒட்டியிருந்தது. கட்டை காளான் மாதிரி, தலையும் சின்னக் காம்பும்.

எனக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. பதினோரு வருடம் நான் தோட்டத்து நர்சரியில் வேலை செய்தவள். தாய்ச்செடியிலிருந்து ஒரு இலை, ஒரு கணு என்று தேயிலையை வெட்டி, மண் பையில் நட்டு, பன்ன இலையால் நிழல் கட்டி, வேர் விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக நிழலைக் குறைப்போம். இதுவும் அதேதான், தண்ணீருக்குள் நர்சரி.

நர்சரிக்கு மேடை வேண்டும். இவருக்கும் ஒரு தட்டு வேண்டியிருந்தது, ஓட்டை ஓட்டையாக, காம்பைச் செருகி நிறுத்த. அந்தத் தட்டில் ஆரம்பித்தது சனி.

காந்தம் வைத்த தட்டு ஒன்று இருக்கிறதாம். கண்ணாடிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேண்டிய உயரத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் தொட்டிக் கண்ணாடி தடிப்பு, பிடி விடலாம், காந்தம் உப்பில் துருப்பிடிக்கலாம். படிப்படியாக இருக்கிற பளிங்குப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று, மணலில் நிற்கும். ஆனால் பாசி பிடிக்கும், நத்தை ஏறித் தட்டிவிடும். மூன்றாவது, கந்தோர்க் கூரையில் குழல் விளக்குக்கு மூடியாகப் போடுகிற வெள்ளைச் சதுர வலைச் சட்டம். வெட்டி, குழாய்த்துண்டில் கால் வைத்தால் தட்டுத்தான். அது மலிவு, ஆனால் வடிவில்லை. அதில் ஒரு துண்டு வாங்கி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். பிறகு வெளிச்சம், நீரோட்டம், துண்டுக்கும் துண்டுக்கும் இடைவெளி. நெருக்கி வைத்தால் ஒன்றை ஒன்று கொட்டுமாம். அதுவும் நம் சனம் மாதிரித்தான் என்றேன். அதையும் எழுதினாரோ என்னவோ.

எல்லோரையும் கேட்டார். கொழும்புக் கூட்டாளியை, போனில் வருகிற வெள்ளைக்காரர்களை, மீன் கடைக்காரரை. என்னையும் கேட்டார். நர்சரியைச் சொன்னேன். முதலில் நிழலில், கீழே வைக்க வேண்டும், பிறகு மெல்ல மேலே ஏற்றலாம், மூன்று விரல் விட்டு வைத்தால் போதும் என்று. "அருமையான பொயின்ட், அம்மா," என்று சொல்லி அதையும் கொப்பியில் எழுதினார். அவர் யார் சொன்னதையும் தள்ளியதில்லை. ஒவ்வொருவர் சொல்லும் ஒரு புதுப் பக்கமாகப் போகும், அவ்வளவுதான்.

பவளத் துண்டுகள் அதுவரைக்கும் எங்கே? ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில், தொட்டிக்கு அடியில். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, மணல் மூடி. இரண்டு மாதத்துக்கு ஒன்று வெளுத்துச் செத்தது. வெளுத்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே வருத்தப்படுவார், சாப்பிடமாட்டார். பதினாறு பன்னிரண்டானது.

ஒரு நாள் கொப்பி மேசையில் திறந்திருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும், இரண்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கினவள். முன்பக்கமெல்லாம் தட்டு. பின்பக்கத்தைப் புரட்டினேன், எங்கள் தோட்டத்துப் பெயர். அதற்குக் கீழே மூன்று இடமும் மூன்று கட்டத்தில், தட்டுக்குப் போட்ட மாதிரியே. முதலாவதில், தண்ணீர் இல்லை, மீண்டும் பார்க்க. இரண்டாவதில், காற்று அதிகம், மீண்டும் பார்க்க. மூன்றாவதில், கம்பனி, மீண்டும் கடிதம். மேலே ஒரு வரி: மக்கள் எங்கு வைத்தாலும் சம்மதம் என்கின்றனர்.

என் வாய்தான் அங்கே உட்கார்ந்திருந்தது, மை போட்டு. அன்றைக்கு அவருக்குப் பருப்பில் உப்புப் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு அம்மா என்று சொன்னார். எனக்கு இன்னும் ஏறியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான் வேலைக்குப் போகாத ஒரு பகல், எல்லோரும் பிள்ளைக்காம்பராவில் இருக்கும்போது, ராமாயி பாலுக்கு வளர்த்த ஆட்டை அவிழ்க்க லயத்துக்குப் போனாள். பின்சுவர் அவள் மேல் இறங்கியது. ஆடு பிழைத்தது. ராமாயியின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நாலு பேர் கதவுப் பலகையில் வைத்து ரோட்டுக்குத் தூக்கிவந்தோம். வழியெல்லாம் அவள் என்னைத்தான் ஏசினாள். "சாமி வச்ச எடம்னியே, எங்கடி அந்த எடம்?"

மறுநாள் காலையில் பதுளைக்குப் போய் அவரிடம் சொன்னேன். கண் நிறைந்துவிட்டது மனிதருக்கு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய் ராமாயியைப் பார்த்தார். அங்கிருந்து நேரே, அந்த மழையில், பசறை பஸ் ஏறி, இரண்டாவது இடத்துக்குப் போனார். ஒப்பம் போடத்தான் போகிறார் என்று நான் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருந்தேன். பின்னேரம் வந்தார். தலையிலிருந்து கால் வரை தண்ணீர். குடைக்கம்பி இரண்டு முறிந்திருந்தது. முறிந்த குடையை வைக்க இடம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"காத்து நான் நினைச்சதை விடக் கூட, அம்மா. இன்னொருக்கா வடிவாப் பாக்கோணும்."

நான் குடையை வாங்கவில்லை. முதல் தடவையாக அவர் கையிலிருந்து ஒன்றை வாங்காமல் உள்ளே போனேன்.

அடுத்த நாள் அவர் கந்தோருக்குப் போனதும் கதவுக்குப் பின்னால் இருந்த வலைச் சட்டத்தை எடுத்தேன். வீட்டிலிருந்து என் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுபோயிருந்தேன், தேயிலைச் செடியின் தலையை மட்டமாகக் கழிக்கிற அதே வளைந்த கத்தி. தொட்டிக்கு ஏற்ற அளவில் வெட்டினேன். சவர்க்காரம் தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்று அவர் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். வெறும் தண்ணீரில் ஏழு முறை கழுவினேன், கையையும் தோள் வரை கழுவினேன். குழாய்த்துண்டு நாலை நைலோன் நூலால் கட்டிக் கால் ஆக்கினேன். உள்ளே இறக்கி, வெளிச்சம் நேரே விழாத பக்கமாக வைத்தேன். டப்பாவிலிருந்து பன்னிரண்டு துண்டையும் எடுத்து, மணலை உதறி, மூன்று விரல் விட்டு விட்டு நட்டேன். கொட்டுவதைக் கோடியில் தனியாக வைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அவர் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த வேலை.

பின்னேரம் வந்தவர் தொட்டிக்கு முன்னால் நின்றார். நான் ஏச்சுக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஏசினால் நானும் ஏசுவேன், அதற்காகவே கோபத்தைக் குறையாமல் வைத்திருந்தேன். அவர் ஏசவில்லை. தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். துண்டுகள் மெல்ல விரிய ஆரம்பித்திருந்தன. ஒன்று சின்ன விரல்களை நீட்டி ஆடியது.

"இதுதான் சரியான இடம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், அம்மா?"

"தெரியாதுங்க. வச்சேன். சரியில்லாட்டி நாளைக்கு மாத்தி வைப்பேன்."

இதுதான் சமயம் என்று நினைத்தேன். "எங்களையும் இப்படி வச்சிருங்கய்யா. அந்த ரெண்டாவது எடம். அதுதான் எங்களுக்கு வேணும். மொதல் நாளே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது எங்க தப்பு."

பேர் சொல்லிக் கேட்டேவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

அவர் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார், வேறு ஊரில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சனத்துக்கு அவசரமாக ஓர் இடம் எழுதிக் கொடுத்தாராம். முதல் மாரியிலேயே வெள்ளம் ஏறி ஒரு கிழவரைக் கொண்டுபோய்விட்டதாம். "இது முருகைக்கல், அம்மா. மாத்தி வைக்கலாம். மனிசரை வைச்சிட்டு மாத்த ஏலாது." பவளத்துக்கு அவர் ஊரில் முருகைக்கல் என்றுதான் பேர்.

எனக்கு அந்தக் கிழவருக்காக வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னேன்.

"ஒரு கெழவரு போனாருன்னு நாப்பது பேரை டப்பாக்குள்ள வச்சிருக்கீங்களே ஐயா. எத்தினி வெளுக்கணும்?"

அவர் முகம் சுருங்கியது. யோசிக்கிறேன் என்றார். உண்மையாகவே யோசித்தார், பாவி. அடுத்த மூன்று மாதமும் யோசித்தார். இரண்டாவது இடத்தில் தானே ஒரு கம்பு நட்டு, துணி கட்டி, காற்றை அளந்தார். பவளத் தட்டை மட்டும் அசைக்கவில்லை. பன்னிரண்டும் பன்னிரண்டாகவே இருந்தன, கிளையும் விட்டன. அதைக் கூட்டாளிக்குப் போனில் காட்டி, எங்கட அம்மா வைச்சது என்று பெருமையாகச் சொல்வார். நான் குசினிக்குள் நின்று, வைத்தவளுக்கு வைக்க இடமில்லை என்று சட்டிக்குச் சொல்வேன்.

தை பிறந்ததும் திருகோணமலைக்கு மாற்றம் வந்தது. போகிற அன்றைக்குத் தொட்டியைப் பிரித்து, தட்டைத் துண்டுகளோடு அப்படியே தண்ணீர் வாளியில் இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். எங்கள் ஃபைலைக் கந்தோரில் வைத்துவிட்டுப் போனார். அதில் ஒப்பம் இல்லை. கல்யாணப் படத்தை அவர் கடைசி வரை மாட்டவில்லை. தரையில் நின்றபடியே வேனுக்குள் போனது.

அவருக்குப் பின் வந்தவர் ஒரு சிங்கள அதிகாரி, வேகமான ஆள். பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார், சப்பாத்துக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. எது விருப்பம் என்று மட்டும் கேட்டார், நேரம் பார்த்துக்கொண்டு. தலைவர் பழையபடி ஆரம்பித்தார், ஐயா எங்கே வைத்தாலும் என்று. ராமாயி ஊன்றுகோலால் தலைவரின் காலில் ஒன்று போட்டாள். நான் எழுந்து நின்று, இரண்டாவது இடம், எங்களுக்கு அதுதான் வேண்டும், வேறு தந்தால் போகமாட்டோம் என்றேன். ராமாயியும் அதையே சொன்னாள். என் மகள் சொன்னாள். அப்படியே சுற்றி வந்தது. அந்த மனிதர் ஜீப்பின் முன்மூடியில் கடதாசியை வைத்து ஒப்பம் போட்டார்.

இப்போது நான் அந்த இடத்தில்தான் இருக்கிறேன். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, மேலே தகரம். மழை பெய்தால் மூட்டை கட்டுவதில்லை, சின்னது தூங்குகிறது. ஆனால் காற்று! அந்த மனிதர் ஒரு சொல் பிழையாக எழுதவில்லை. ஆடியில் தகரம் பிய்ந்துகொண்டு போகப் பார்க்கிறது. கல் தூக்கி வைத்திருக்கிறோம், கல்லும் நடக்கிறது. அடுப்பில் நெருப்பு நிற்காது. துணி காயப்போட்டால் அடுத்த தோட்டத்தில்தான் போய் எடுக்க வேண்டும்.

போன மாதம் மகளின் போனில் கூப்பிட்டார். குரலைக் கேட்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, கோப்பையை எங்கே வைப்பது என்று தேடினேன். பவளம் எல்லாம் நலமாம், தட்டு நிறைந்து கூட்டாளிகளுக்கு வெட்டிக் கொடுக்கிறாராம், தட்டை மாற்றவே இல்லையாம். பிறகு தயங்கிக் கேட்டார்.

"அங்க காத்து எப்பிடி, அம்மா?"

எனக்குத் தலைக்கு மேல் தகரம் சளார் சளார் என்று அடித்துக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் போனைச் சுற்றிப் பொத்திக்கொண்டேன்.

"காத்தா? ஒரு எலை ஆடலைங்க ஐயா."

நான் விடவில்லை. "மொதல் நாளே எங்களை இங்க வச்சிருக்கலாம். ராமாயி இப்ப நொண்டாம நடந்திருப்பா."

"அப்ப நான் பிழையாத்தான் எழுதியிருக்கிறன்," என்றார். குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலைக் கேட்கத்தான் இவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று நினைத்தேன். கேட்ட பிறகு ஒன்றும் ருசிக்கவில்லை. நிஜத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் ஒரு காற்று வந்து தகரத்தைத் தூக்கிப் போட்டது.

"அது என்ன சத்தம், அம்மா?"

"பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்க. கல்யாணப் படம் மாட்ட."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"எந்தச் சுவரில?"

போனை வைத்துவிட்டேன்.